அணுவாயுதச் செலவும் பரவல் தடுப்பும்: நன்–லூகர் சட்டம் குறித்து ஒரு நோக்கு

ஓர் அரசின் முன்னுரிமைகளை அறிவதற்குத் தலைவர்தம் உரைகளிலும் அதன் வரவுசெலவுத் திட்டமே நம்பத்தகுந்த ஆவணமாகும். இலக்கிய மாணவர் அதனைத் தம் துறைக்குப் புறம்பானதெனத் தள்ளிவிடுவது வழக்கம். எனினும், சொல்லுக்கும் செயலுக்குமுள்ள முரணை இவ்வளவு வெளிப்படையாகக் காட்டும் நூல் பிறிதொன்று அரிது.

1940 முதல் 1996 வரை ஐக்கிய அமெரிக்கா அணுவாயுதங்களுக்காகச் செலவிட்டது, 1996ஆம் ஆண்டு விலைமட்டத்தில், ஏறத்தாழ 5.5 இலட்சம் கோடி டொலர் என 1998இல் புரூக்கிங்ஸ் நிறுவனம் வெளியிட்ட ஆய்வு கணித்தது. அரசு தானாக இம்முழுக் கணக்கினை அதற்கு முன் தொகுத்ததில்லை என்பது மனங்கொளத்தக்கது.

1991இல் சோவியத் ஒன்றியம் குலைந்தபோது, அதன் தொலைதூர அணுவாயுதங்கள் ரஷ்யா, உக்ரேன், பெலரூஸ், கசக்ஸ்தான் ஆகிய நான்கு நாடுகளில் கிடந்தன. செனட்டர்கள் சாம் நன், ரிச்சர்ட் லூகர் ஆகியோரின் சட்டமூலம் அவ்வாண்டு நவம்பரில் 86–8 என்ற வாக்குகளால் செனட் சபையில் நிறைவேறிற்று. ஆயின், ஒதுக்கப்பட்டது புதிய நிதியன்று. பாதுகாப்புத் திணைக்களத்தின் பணத்திலிருந்து 400 மில்லியன் டொலர் வரை மாற்றிக்கொள்வதற்கான அனுமதி மாத்திரமே அது. அக்காலப் பாதுகாப்புச் செலவில் ஆயிரத்தில் ஒன்றரைப் பங்குகூட இல்லை. இயன்றவரை அமெரிக்கத் தொழில்நுட்பத்தையும் தொழில்நுட்பவியலாளரையும் பயன்படுத்த வேண்டுமெனவும் சட்டம் கூறிற்று. ஆகவே, ஆயுதத்தை உருவாக்கிய மூலதனமே அதனைக் கலைப்பதிலும் பங்கு பெறலாயிற்று.

இதனாற் பயன் விளையவில்லை என்பது பொருளன்று. 1994இல் கசக்ஸ்தானின் உஸ்த்–கமனோகோர்ஸ்க் ஆலையிலிருந்து ஏறத்தாழ 600 கிலோகிராம் செறிவூட்டிய யுரேனியம் அகற்றப்பட்டது. 1996 முடிவதற்குள் உக்ரேன், பெலரூஸ், கசக்ஸ்தான் ஆகிய மூன்றும் அணுவாயுதமற்ற நாடுகளாயின. இத்துணைச் சிறு தொகைக்கு இத்துணைப் பயன் தந்த பாதுகாப்புச் செலவு வேறுண்டோ என்பது ஐயமே.

ஆயுதத்தைக் காக்கலாம், அதனை ஆக்கத் தெரிந்த மனிதனின் நிலை யாது? செல்யாபின்ஸ்க்–70 ஆய்வுகூடத்தின் இயக்குநர் விளாதிமிர் நெச்சாய், ஊழியருக்குச் சம்பளம் வழங்க வழியின்றி 1996 ஒக்டோபரில் தற்கொலை செய்துகொண்டார். சோசலிச அரசு கட்டிய அறிவியல் நகரொன்றைச் சந்தைப் பொருளாதாரம் எங்கு கொண்டு நிறுத்திற்று என்பதற்கு இதனினும் கொடிய சான்று தேவையில்லை.

2001 சனவரியில் பேக்கர்–கட்லர் குழு, ரஷ்யாவிலுள்ள அணுப்பொருள்களைக் காக்க எட்டு முதல் பத்து ஆண்டுகளில் 30 பில்லியன் டொலர் வரை செலவிடுமாறு பரிந்துரைத்தது. சில மாதங்களுள் வெளியான புஷ் நிர்வாகத்தின் முதல் வரவுசெலவு மதிப்பீடோ எரிசக்தித் திணைக்களத்தின் பரவல் தடுப்பு நிதியைக் குறைத்தது. செப்டெம்பர் 11 தாக்குதலின் பின்னரே காங்கிரஸ் அதனை மீண்டும் உயர்த்திற்று. 2010இல் புதிய ஸ்டார்ட் ஒப்பந்தத்துக்குச் செனட் ஒப்புதல் பெறவேண்டியிருந்த ஒபாமா நிர்வாகம், அணுவாயுத ஆலைகளுக்கும் ஆய்வுகூடங்களுக்கும் பத்தாண்டுகளில் 85 பில்லியன் டொலர் வழங்க உறுதியளித்தது.