வரி வாங்க வரைந்த படம்



ஏரி எல்லையில் தகராறு வந்தால் என்ன செய்வீங்க? ஊர்ப் பெரியவரைக் கேட்பீங்க. அப்புறம் கிராம வரைபடத்தை விரிச்சுப் பார்ப்பீங்க. நம்ம சீமையை அப்படிக் காகிதத்தில் இறக்கிய ஒரு பழைய படத்தின் கதையை இன்று சொல்கிறேன்.

ஆற்காட்டு நவாபு முகமது அலி 1763-ல் செங்கல்பட்டுச் சீமையைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஜாகீராகக் கொடுத்தார். தாம்பரம் வட்டாரமும் அதில் அடக்கம். நிலம் கைக்கு வந்தாச்சு. எவ்வளவு வரி தேறும்னு தெரிய வேண்டாமா? அதற்காகத் தாமஸ் பர்னார்ட் என்ற கம்பெனிப் பொறியாளர் 1767 முதல் 1774 வரை ஊர் ஊராக அளந்தார். ஏறத்தாழ 2,000 ஊர்கள்! அந்த அளவையைக் கொண்டு 1778-ல் லண்டனில் டால்ரிம்பிள் என்பவர் படம் வெளியிட்டார். அதன் பிரதி பிரிட்டிஷ் நூலகத்தில் பத்திரமாக இருக்கிறது. அளவையோடு எழுதிய ஊர்க் கணக்குகள் சென்னை எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் இருந்தன. அறிஞர் தரம்பால் அவற்றை எடுத்து ஆராய்ந்த பிறகே அவற்றின் அருமை பலருக்கும் புரிந்தது.

கணக்கில் என்ன இருக்கிறது? எத்தனை வீடு, எத்தனை காணி நஞ்சை, எத்தனை காணி புஞ்சை, தோப்பு, மானியம் எல்லாம் இருக்கிறது. ஒரு காணி என்றால் சுமார் 1 ஏக்கர் 32 சென்ட். ஏரி, குளத்தையும் தனியாக எழுதி வைத்தார்கள். ஏரி மராமத்துக்கு விளைச்சலில் ஒரு பங்கு ஒதுக்கும் வழக்கமும் அன்று இருந்தது. ஏரி இடத்தைச் சும்மா கிடக்கிற நிலமாக யாரும் நினைக்கவில்லை.

1794 முதல் 1798 வரை இங்கே கலெக்டராக இருந்தவர் பிளேஸ் துரை. மதுராந்தகத்தில் 'ஏரி காத்த ராமர்' கதையில் வருகிறாரே, அவரேதான். வரி வசூலிக்க வந்தவரும் ஏரிக்கரையைப் பழுது பார்க்க வேண்டியதாயிற்று. தண்ணீர் இல்லாமல் வரி ஏது?

இப்போது தாம்பரம் பக்கம் வாங்க. வயல் எல்லாம் மனையாச்சு. 2015 டிசம்பர் 2-ம் தேதி காலையோடு முடிந்த ஒரே நாளில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை கொட்டியது. முடிச்சூர்ப் பக்கம் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது. தண்ணீருக்குப் பட்டா கிடையாது. ஆனால் பழைய வழியை அது மறப்பதில்லை.

நகரம் உங்கள் ஊருக்கும் வரலாம். அதற்கு முன்னால் ஒரு வேலை செய்யுங்க. கிராம நிர்வாக அலுவலரிடம் போய் வரைபடத்தையும் 'அ' பதிவேட்டையும் பாருங்க. ஏரி, வரத்துக்கால், கலங்கல், போக்குக்கால் எந்தச் சர்வே எண்ணில் இருக்குன்னு குறிச்சு வையுங்க. பிறகு நாலு பேராய் நடந்து போய்ப் பாருங்க. படத்தில் இருக்கிற கால்வாய் தரையில் இல்லையென்றால் மனு கொடுங்க. ஏரி ஆக்கிரமிப்பை அகற்ற 2007-ல் வந்த தனிச் சட்டமே இருக்கிறது.

அன்று கம்பெனி தன் வரிக்காக ஏரியைக் கணக்கெடுத்தது. நாம் நம்ம பிள்ளைகளுக்காக எடுப்போம்.