தாது: பூவின் பொடியும் பழைய மழையும்

'மகரந்தம்' பள்ளிப் பாடநூலில் நாம் படித்த சொல். வடமொழியில் அது பூவின் தேனைக் குறிக்கும். பொடிக்கு அங்கே 'பராகம்' என்று வேறு சொல் உண்டு. தமிழில் தேன், பொடி இரண்டும் மகரந்தத்துக்குள் அடங்கின. பிறகு அறிவியல் நூல்கள் பொடியை மட்டும் வைத்துக்கொண்டன. 'கொங்கு' என்ற சொல்லுக்கும் அகராதிகள் தேன், பூந்தாது, மணம் என்று பல பொருள் சொல்கின்றன.

'தாது' சங்கப் பாடல்களிலேயே பூம்பொடி. அதே சொல் ஊர் மன்றத்தில் மாட்டெரு உலர்ந்து பொடிந்து கிடப்பதற்கும் வழங்கியது. அடிப்பொருள் துகள்தான். லத்தீனின் 'பொல்லென்' நுண்ணிய மாவு. 18ஆம் நூற்றாண்டில் லின்னேயஸின் எழுத்து வழியே அது தாவரவியலில் நிலைபெற்றது. 1944இல் ஹைடு, வில்லியம்ஸ் என்னும் ஆய்வாளர்கள் பூம்பொடியை ஆராயும் துறைக்குப் 'பாலினாலஜி' என்று பெயரிட்டபோது, தூவுதலைக் குறிக்கும் கிரேக்க வினையை எடுத்துக்கொண்டார்கள். பூம்பொடியைக் கொண்டு பழங்காலத் தட்பவெப்பத்தைத் தேடுபவருக்கு 'தாது'வே பொருத்தமான பெயர் என்பேன். தேன் அவர் கைக்கு வந்து சேர்வதில்லை, துகள் சேர்கிறது.

துகளிலும் எஞ்சுவது மேலோடு. ஸ்போரோபொலெனின் என்னும் பொருளால் ஆன அந்த ஓடு, காற்றுப் புகாத சேற்றிலும் கரிச்சதுப்பிலும் பல்லாயிரம் ஆண்டு கெடாமல் கிடக்கும். ஆய்வகத்தில் மணலைக் கரைக்கும் ஹைட்ரோஃபுளோரிக் அமிலத்துக்கும் அது அசையாது. ஓட்டின் துளைகளையும் முள்ளையும் வரியையும் பார்த்து எந்தச் செடியின் குடும்பம் என்று சொல்லலாம். 1916இல் கிறிஸ்டியானியாவில், இன்றைய ஓஸ்லோவில், ஸ்வீடன் நாட்டு லென்னார்ட் ஃபான் போஸ்ட் சதுப்பின் அடுக்குதோறும் தாதுக்களை எண்ணி, விழுக்காடாக வரைந்து காட்டினார். காடுகளின் மாற்றம் படமாகத் தெரிந்தது.

ஆனால் எண்ணிக்கை அப்படியே காடாகிவிடாது. காற்றில் தாது விடும் மரம் அள்ளிக் கொட்டும். பூச்சியை நம்பும் மரம் சிக்கனமாகவே உதிர்க்கும். நூறு துகளில் ஐந்து ஒரு மரத்துடையது என்றால் அந்த மரம் அங்கே அரிதா, மலிவா? இதற்கு விடை பழைய சேற்றில் இல்லை, இன்றைய காட்டில் இருக்கிறது. மரங்களும் மழையளவும் நமக்குத் தெரிந்த இடத்தில் மேல்மண்ணையும் பாசியையும் எடுத்து, அங்கே விழும் 'மகரந்த மழை'யை எண்ண வேண்டும். அந்த உறவை அறிந்த பிறகே பழைய அடுக்கின் எண்களை மழையாகவும் வெப்பமாகவும் படிக்க முடியும். இந்தப் பொறுமையான வேலைக்குப் புகழ் குறைவு. இது இல்லாமல் மேற்சொன்ன படம் வெறும் கோடுதான்.

புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் அதைத் தென்னிந்தியாவில் செய்தது. ரேமோந்த் பொன்ஃபீய், அனுபமா முதலியோர் 1999இல் வெளியிட்ட ஆய்வு, தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் இன்றைய மகரந்தம் மலையின் உயரத்தோடு எப்படி மாறுகிறது என்று காட்டியது. நீலகிரியின் சோலைக்கும் புல்வெளிக்கும் நடுவே நடந்த நீண்ட இழுபறியைப் படிக்க இந்த அளவுகோல் தேவை.

புல்லிடம் இந்த முறை திணறுகிறது. புல்லினங்கள் எல்லாவற்றின் தாதும் ஒற்றைத் துளையுள்ள உருண்டைதான். ஈரம் விரும்பும் புல்லா, வறட்சி தாங்கும் புல்லா என்று சாதாரண நுண்ணோக்கியில் பிரிப்பது கடினம். அதனால்தான் உதகை அருகே சாண்டிநல்லா கரிச்சதுப்பில் ஆய்வாளர் சுகுமாரும் உடன் ஆய்ந்தவர்களும், இந்த இரு வகைப் புல்லிலும் வேறுபடும் கார்பன் ஐசோடோப்பு விகிதத்தை அளந்தார்கள். 1993இல் வெளியான முடிவு, பனியுகத்தின் உச்சத்தில் வறட்சி தாங்கும் புல் அங்கே ஓங்கியிருந்ததைக் காட்டியது.