கண் தெரியாதவர் புல் வெட்டலாமா? - ஒரு இயந்திரத்தின் கதை

புல் வெட்டுவதற்குக் கண் வேண்டுமா? பெட்ரோலில் ஓடுகிற பிளேடை வைத்துக்கொண்டு இது என்ன விபரீதக் கேள்வி என்றுதான் கேட்டவுடன் தோன்றும். ஆனால் அமெரிக்காவில் பார்வையற்றவர்கள் பல வருடங்களாகத் தங்கள் வீட்டுப் புல்தரையைத் தாங்களே வெட்டி வருகிறார்கள். பி.காம். படிக்கிறவனுக்குப் புல்லோடு என்ன சம்பந்தம் என்று வகுப்பு நண்பர்கள் கேட்பீர்கள். காப்புரிமைகளைப் பற்றிப் படிக்கும்போது 1830-இல் போய் மாட்டிக்கொண்டேன். அங்கிருந்து நூல் பிடித்துக்கொண்டே வந்ததுதான் இந்தக் கட்டுரை.

இங்கிலாந்தில் ஸ்ட்ரவுட் என்ற ஊர் கம்பளித் துணி ஆலைகளுக்குப் பேர்போனது. நெய்த துணியின் மேல் நீட்டிக்கொண்டிருக்கும் பிசிறுகளைச் சீவி எடுக்க, திருகலான கத்திகள் பொருத்திய உருளை ஒன்று அந்த ஆலைகளில் இருந்தது. அதைப் பார்த்த எட்வின் பட்டிங் என்ற மெக்கானிக்குக் கம்பளிப் பிசிறை வெட்டுகிற கத்தி புல்லை ஏன் வெட்டாது என்று தோன்றிவிட்டது. 1830 ஆகஸ்ட் 31 அன்று காப்புரிமை கிடைத்தது. ஜான் ஃபெராபீ என்பவர் பணம் போட்டுக் கூட்டாளியானார். லண்டன் ரீஜண்ட்ஸ் பார்க் உயிரியல் பூங்கா ஆரம்பத்திலேயே ஒன்றை வாங்கியது. அக்கம்பக்கத்தார் பார்த்துச் சிரிப்பார்கள் என்று பட்டிங் இதை ராத்திரியில்தான் சோதித்துப் பார்த்தார் என்று ஒரு கதை சொல்வார்கள். உண்மையோ பொய்யோ, இயந்திரத்தால் வெட்டிய முதல் புல் கும்மிருட்டில் வெட்டப்பட்டது என்பது என் தலைப்புக்கு எவ்வளவு பொருத்தம் பாருங்கள்!

பட்டிங்கின் இயந்திரத்துக்கு எஞ்சின் கிடையாது. கையால் தள்ள வேண்டும். உருளையில் உள்ள கத்திகள் சுழன்று வந்து அடியில் இருக்கும் நிலையான கத்தியை உரசிப் போகும். நடுவில் சிக்கும் புல் கத்தரிக்கோலில் சிக்கியது போல அறுபடும். பார்வையற்றவருக்கு இதில் ஒரு பெரிய வசதி உண்டு. இந்த இயந்திரம் பேசும். வெட்டாத புல்லில் போகும்போது சரசரவென்று கனத்த சத்தம் வரும், கைப்பிடியும் எதிர்த்துத் தள்ளும். வெட்டிய இடத்துக்கு வந்தால் சத்தம் லேசாகி உருளை சும்மா சுற்றும். கோடு எங்கே முடிகிறது என்று கையும் காதுமே சொல்லிவிடும். கத்தி சரியாகப் பொருந்தியிருக்கிறதா என்று சோதிக்க நடுவில் ஒரு காகிதத்தை வைத்து உருளையை மெதுவாகச் சுற்றுவார்கள். காகிதம் சுத்தமாக வெட்டுப்பட்டதா கசங்கியதா என்று விரலால் தடவினாலே தெரியும்.

பிறகு மோட்டார் வந்தது. இங்கே ஒருவரைச் சொல்லாமல் போக முடியாது. ரால்ஃப் டீட்டர், 1890-இல் இண்டியானா மாநிலத்தில் பிறந்தவர். ஐந்து வயதில் ஒரு விபத்தில் பார்வை போயிற்று. ஆனாலும் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் மெக்கானிக்கல் எஞ்சினியரிங் முடித்தார். இன்றைய கார்களில் இருக்கும் க்ரூஸ் கண்ட்ரோல் இவர் தந்தது. 1950-இல் காப்புரிமை, 1958-இல் கிரைஸ்லர் கார்களில் அறிமுகம். மோட்டாரில் ஓடும் புல்வெட்டும் இயந்திரத்தின் ஆரம்ப கால வடிவம் ஒன்றும் இவர் கண்டுபிடிப்புகளில் உண்டு. அதாவது, கண் தெரியாதவர் இந்த இயந்திரத்தை ஓட்டலாமா என்று பின்னாளில் பலர் தயங்கினார்கள். கண் தெரியாத ஒருவர் அதற்கு முன்பே இன்னொன்றைச் செய்தே காட்டிவிட்டார்.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் சுழல் பிளேடு வகை பரவியது. மின்விசிறி போல ஒரே பிளேடு, நிமிடத்துக்குச் சுமார் 3000 சுற்று. செய்யச் செலவு குறைவு, உயரமான புல்லையும் வெட்டும். (1952-இல் ஆஸ்திரேலியாவில் செய்த முதல் விக்டா இயந்திரத்துக்குப் பெட்ரோல் டேங்க் ஒரு பழைய பீச் பழ டின்! சிக்கனம் என்றால் இது.) ஆனால் எஞ்சின் போடுகிற கூச்சலில் காது அடைத்துவிடும். கல்லில் பட்டால் தோட்டா மாதிரி பறக்கும். பார்வையுள்ளவருக்கு வேலை சுலபமானது. பார்வையற்றவரோ கண்ணோடு காதையும் இழந்தார்.

சரியாக இதே காலத்தில்தான் புல் வெட்டுவது கட்டாயக் கடமையாகவும் ஆனது. போர்வீரர்கள் திரும்பி வந்தார்கள், அரசாங்கம் வீட்டுக் கடனுக்கு உத்தரவாதம் கொடுத்தது. நியூயார்க் அருகே 1947-இல் ஆரம்பித்த லெவிட்டவுனில் ஆயிரக்கணக்கான வீடுகள் ஒரே அச்சில் எழுந்தன. அங்கே சீசனில் வாரம் ஒருமுறை புல் வெட்டியாக வேண்டும் என்று விதி. வேலி போடவும் தடை! இந்த இரண்டாவது விதிதான் என்னை யோசிக்க வைத்தது. வேலி இருந்தால் தொட்டுப் பார்த்து நம் இடம் இதுவரை என்று தெரிந்துகொள்ளலாம். வேலியில்லாத புல்தரையில் நம் புல் எது, பக்கத்து வீட்டுப் பூச்செடி எது? இன்றைக்கும் அமெரிக்காவில் பல ஊர்களில் புல் அளவுக்கு மேல் வளர்ந்தால் அபராதம் உண்டு. அதனால் தன் புல்லைத் தானே வெட்டுவது பொழுதுபோக்கு இல்லை. நானும் ஒரு வீட்டுக்காரன்தான் என்று தெருவுக்குக் காட்டுகிற விஷயம்.

போரில் கண் இழந்தவர்களுக்கு இன்னொரு இடத்திலிருந்து உதவி வந்தது. 1944-இல் பென்சில்வேனியாவின் வேலி ஃபோர்ஜ் ராணுவ மருத்துவமனையில் ரிச்சர்ட் ஹூவர் என்பவர் நீண்ட கைத்தடியை இடமும் வலமுமாக வீசித் தட்டி நடக்கும் முறையை உருவாக்கினார். ஒரு பரப்பை ஒழுங்காகத் துழாவிக்கொண்டே முன்னேறுவதுதான் அதன் சாரம். புல் வெட்டுவதும் அதுவேதான்.

பார்வையற்றவர்கள் கையாளும் வழிகள் இப்படி. முதலில் இயந்திரம் இல்லாமல் ஒரு நடை நடந்து, ரேக்கால் வாரி, கல், குச்சி, குழந்தைகளின் பொம்மை எல்லாவற்றையும் அப்புறப்படுத்துவார்கள். சிமெண்ட் நடைபாதை போல ஒரு நேர்விளிம்பிலிருந்து தொடங்குவார்கள். சக்கரம் சிமெண்டில் உருளுவதும் மண்ணில் உருளுவதும் கைக்கு வேறு வேறாகத் தெரியும். ஒவ்வொரு வரியும் முந்தின வரியின் மேல் பாதி ஏறிப் போகும். நேரம் அதிகமாகும், ஆனால் நடுவில் குடுமி நிற்காது. விளிம்பு இல்லாத இடத்தில் இரண்டு முளை அடித்து, பிளேடில் சிக்காத மாதிரி இடுப்பு உயரத்தில் கயிறு கட்டி, ஒரு கையால் கயிற்றைத் தடவிக்கொண்டே நடப்பார்கள். வரி முடிந்ததும் முளையை நகர்த்துவார்கள். திண்ணையில் ரேடியோவைப் பாட விட்டுத் திசை பிடிப்பதும் உண்டு, ஆனால் எஞ்சின் ஓடும்போது அது கேட்டால்தானே? அப்போது முகத்தில் படும் வெயிலும் தரையின் சரிவும்தான் திசைகாட்டி. கடைசியில் குறுக்குவாக்கில் இன்னொரு முறை ஓட்டினால் விட்டுப்போனதெல்லாம் அகப்படும்.

ரிப்பேர் விஷயத்தில் கண் பெரிய குறையே இல்லை என்பது என் கட்சி. எஞ்சின் கிளம்பவில்லையா? குளிர்காலம் முழுக்க டேங்கில் கிடந்த பெட்ரோல் கெட்டு, கார்புரேட்டரில் பிசின் பிடித்திருக்கும். பெட்ரோல் கெட்டதை மூக்கே சொல்லிவிடும். ஆயிலை அளந்து ஒரு பாட்டிலில் வைத்துக்கொண்டால் அப்படியே ஊற்ற வேண்டியதுதான். பிளேடின் பக்கம் கை போகுமுன் ஸ்பார்க் பிளக் வயரைக் கழற்றிவிட வேண்டும், இது கண் இருப்பவருக்கும் சேர்த்துத்தான்.

1982-இல் அமெரிக்கா ஒரு நல்ல காரியம் செய்தது. அந்த வருடம் ஜூன் 30-க்குப் பிறகு தயாராகும், நடந்து தள்ளும் சுழல் பிளேடு இயந்திரங்களில் கைப்பிடியை விட்டால் 3 வினாடிக்குள் பிளேடு நின்றுவிட வேண்டும் என்று சட்டம் வந்தது. பார்வையற்றவர்களை நினைத்துப் போட்ட சட்டம் அல்ல. ஆனால் சந்தேகம் வந்த நொடியில் கையை விட்டால் போதும் என்பது அவர்களுக்கு எவ்வளவு பெரிய தைரியம்!

1995-இல் ஸ்வீடனின் ஹஸ்க்வர்னா நிறுவனம் சூரிய ஒளியில் தானே ஓடும் புல்வெட்டியைக் கொண்டு வந்தது. அதன் பின்னால் வந்த ரோபோக்களுக்கு எல்லையைச் சொல்லத் தரையில் ஒரு கம்பி பதித்தார்கள். யோசித்துப் பார்த்தால் ரோபோவுக்கும் கண் இல்லை, அதுவும் தட்டித் தடவித்தான் வெட்டியது. இப்போது வரும் ரோபோக்களைச் செல்போன் செயலியில்தான் இயக்க வேண்டியிருக்கிறது. அந்தச் செயலியின் பொத்தான்களைத் திரைவாசிப்பான் படித்துச் சொல்லாவிட்டால் பார்வையற்றவருக்கு அது வெறும் பெட்டி. என்னைக் கேட்டால் பேட்டரியில் ஓடும் தள்ளுவண்டி வகைதான் அவர்களுக்கு நல்ல கொள்முதல். பெட்ரோல் வாடை இல்லை, கயிறு இழுக்க வேண்டாம், சத்தமும் குறைவு. திண்ணையில் பாடுகிற ரேடியோ மறுபடியும் காதில் விழும்.