உழவு இயந்திரப் பெட்டியில் ஒரு மடக்குக் கூரை: செய்வதும் திருத்துவதும்

வெளிநாடுகளில் விடுமுறைக்குப் போகிறவர்கள் காரின் பின்னால் ஒரு சிறிய ரெயிலரை இழுத்துச் செல்வார்கள். போகுமிடத்தில் அதன் கூரையை உயர்த்தி, பக்கங்களை விரித்தால் நான்கு பேர் படுக்கக்கூடிய கூடாரம் ஆகிவிடும். இதை ‘பொப் அப்’ ரெயிலர் என்கிறார்கள். கனடாவில் இருக்கும் உறவினர்கள் அனுப்பிய படங்களில் முதலில் பார்த்தபோது எனக்கு அது புதிதாகத் தெரியவில்லை. 2008, 2009இல் மல்லாவியிலிருந்தும் கிளிநொச்சியிலிருந்தும் வெளிக்கிட்டு முள்ளிவாய்க்கால் வரை போன சனம் உழவு இயந்திரப் பெட்டிக்கு மேல் தடி கட்டி, தறப்பாள் போட்டு, மேலே பிள்ளைகளும் கீழே பெரியவர்களுமாகப் படுத்தவர்கள். அப்போது அளவு பார்க்க நேரமிருக்கவில்லை.

இப்போது தேவை வேறு. 1990இல் வலிகாமம் வடக்கிலிருந்து இடம்பெயர்ந்தவர்களின் காணிகள் துண்டு துண்டாக விடுவிக்கப்படுகின்றன. காணி கிடைக்கிறது, அதில் வீடு இல்லை. பற்றை வெட்டி, கிணறு இறைத்து, அத்திவாரம் போடும் வரை எங்கே படுப்பது? என் பெரியம்மா குடும்பத்துக்காக அவர்களுடைய லாண்ட்மாஸ்டர் பெட்டியில் மடக்குக் கூரை ஒன்றை ஒரு வெல்டிங் கடையில் நின்று செய்வித்தேன். அந்த அளவுகளும் ஒரு மாரியில் கற்ற திருத்த வேலைகளும் கீழே உள்ளன. வயலில் காவல் இருப்போருக்கும் பருவத்துக்குப் பருவம் வாடி மாற்றும் கடற்றொழிலாளருக்கும் இவை உதவும்.

படுக்கை

எங்கள் பெட்டி 8 அடி நீளம், 4 அடி அகலம். பக்கப் பலகைகள் ஒன்றரை அடி உயரம். அவை கீழ்ப்பக்கம் பிணைச்சலில் தொங்குவதால் வெளியே சாய்த்து மட்டமாக நிறுத்தலாம். இரண்டையும் விரித்தால் அகலம் 7 அடி ஆகும். குறுக்காகப் படுத்தால் ஆளுக்கு 2 அடி வீதம் நான்கு பேருக்கு இடம் உண்டு.

பலகையைச் சங்கிலியால் மேலே கட்டித் தூக்கிப் பிடிக்க வேண்டாம். ஆள் விளிம்பில் குந்தும்போது முழுப் பாரமும் கூரைக் காலை இழுக்கும். ஒவ்வொரு பலகையின் வெளி விளிம்பிலும் மடங்கும் இரண்டு கால்கள் வையுங்கள். காலின் அடியில் ஒரு சாண் சதுரத் தகடோ பலகைத் துண்டோ இருந்தால் ஈர மண்ணில் புதையாது.

கூரை

நான்கு மூலைகளிலும் 3 அடி உயரமான ஒன்றரை அங்குல பொக்ஸ் பார். அதற்குள் ஏறி இறங்க 3 அடி நீளமான ஒன்றேகால் அங்குல பொக்ஸ் பார். வெளிப்பாரின் தடிப்பு 2 மில்லிமீற்றர் என்றால் இரண்டுக்கும் இடையே 2 மில்லிமீற்றர் அளவில் இளக்கம் இருக்கும். அது போதும். ஆனால் பொக்ஸ் பாரின் உட்புறம் நெடுகிலும் ஒட்டுத் தழும்பு ஒன்று ஓடும். அது உட்பாரில் உரசும். வாங்கும்போதே துண்டொன்றை நுழைத்துப் பாருங்கள். உரசினால் அந்தப் பக்கத்தை அரத்தால் ராவ வேண்டும்.

உயர்த்தும்போது ஒரு அடியாவது உள்ளே நிற்க வேண்டும். அப்படியானால் கூரைச் சட்டம் தளத்திலிருந்து 5 அடியில் நிற்கும். இரண்டு பார்களையும் சேர்த்துத் துளைத்து 10 மில்லிமீற்றர் பூட்டு ஆணி போடுங்கள். ஆணி போடாத கூரையின் கீழ் எவரும் தலையை நீட்டக் கூடாது.

முகட்டைச் சட்டத்தை விட 1 அடி உயர்த்தினோம். முகட்டிலிருந்து சட்டம் வரை இரண்டேகால் அடி, அங்கிருந்து பலகை விளிம்பு வரை ஐந்தேகால் அடி, விளிம்புக்குக் கீழே மடிக்க அரை அடி: ஒரு பக்கத்துக்கு 8 அடி. ஆகவே 16 அடி அகலம், 9 அடி நீளமான தறப்பாள் தேவை. முன்னும் பின்னும் தனித்தனி மறைப்பு. தறப்பாளின் ஓரம் பலகைக்கு வெளியே கீழே இறங்க வேண்டும். பலகைக்கு மேல் முடிந்தால் வழியும் மழை முழுவதும் பாய்க்குத்தான் வரும்.

ஜீ.ஐ. குழாய் பாவித்தால், ஒட்டும் இடத்தில் நாகப் பூச்சை முதலில் கிரைண்டரால் நீக்குங்கள். அதன் புகை ஒட்டுபவருக்குக் காய்ச்சலை உண்டாக்கும். ஒட்டிய இடத்துக்குத் துருத்தடுப்புப் பூச்சு அடிக்காவிட்டால் கடற்கரைக் காற்றில் துரு அங்கேதான் தொடங்கும்.

பாரமும் சில்லும்

பெட்டியின் பின்பக்கம் பாரம் கூடினால் ஓடும்போது வால் ஆடும், கொக்கி மேலே எழும்பும். மொத்தப் பாரத்தில் பத்தில் ஒரு பங்காவது கொக்கியில் இறங்க வேண்டும். மொத்தம் 300 கிலோ என்றால் கொக்கியில் 30 கிலோவுக்குக் குறையக் கூடாது. அரிசி ஆலைத் தராசில் கொக்கியை வைத்துப் பார்க்கலாம். தண்ணீர்க் கானும் அரிசியும் அச்சுக்குச் சற்று முன்னே இருக்கட்டும்.

நிறுத்திய பின் முதல் வேலை சில்லுக்குக் கட்டை. அடுத்தது நான்கு மூலைக்கும் முட்டு. முட்டு வைக்க முன் ஒருவர் பின்னால் ஏறினால் பெட்டி குடைசாயும். வீதியில் பலகைகள் மூடியே இருக்க வேண்டும். பின்னால் சிவப்புத் தெறிப்பானும் விளக்கும் கட்டாயம். மாற்றம் செய்ய முன்பே மோட்டார் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டுக்கொள்வது பின்னைய அலைச்சலைக் குறைக்கும்.

வரும் கோளாறுகள்

*கூரை பாதியில் இறுகி நிற்கிறது.* ஒரு மூலை மற்றதைவிட அதிகம் ஏறிவிட்டது. அடித்து ஏற்றாதீர்கள், குழாய் நெளியும். உயர்ந்த மூலையைக் கீழிறக்கி, முன்னே இருவர் பின்னே இருவராக அரை அடி அரை அடியாகத் தூக்குங்கள். மணல் புகுந்திருந்தால் துடைத்து மெழுகு பூசுங்கள். கிறீஸ் மணலைப் பிடித்து வைக்கும்.

*கூரையில் தண்ணீர் குளமாகிறது.* ஒரு சதுர மீற்றரில் 1 சென்ரிமீற்றர் தண்ணீர் நின்றால் 10 கிலோ. பாரம் கூடக் கூடத் தறப்பாள் தாழும், தாழத் தாழ இன்னும் தண்ணீர் சேரும். முகட்டுக்கும் சட்டத்துக்கும் நடுவே இரு பக்கமும் ஒரு குறுக்குக் கயிறு இழுத்துக் கட்டினால் குழி விழாது.

*விடியும்போது உட்பக்கம் ஈரம்.* முதலில் இடத்தைப் பாருங்கள். ஒரே இடத்தில் சொட்டினால் ஒழுக்கு. கூரை முழுவதும் வியர்த்திருந்தால் அது படுத்தவர்களின் மூச்சு. முன்னும் பின்னும் முகட்டின் கீழ் ஒரு சாண் இடைவெளி விட்டால் குறையும்.

*தையலால் ஒழுகுகிறது.* பருத்திக் கன்வஸ் புதிதாக இருந்தால் ஒருமுறை நன்றாக நனைத்துக் காயவிடுங்கள். நூல் ஊதி ஊசித் துவாரங்களை அடைக்கும். பிளாஸ்ரிக் தறப்பாளில் அது நடக்காது, மேலிருந்து ஒட்டுத்துண்டு போட வேண்டும். பிளாஸ்ரிக் தறப்பாள் மடிப்பில்தான் முதலில் வெடிக்கும். ஒவ்வொரு முறையும் மடிப்பை இடம் மாற்றுங்கள். ஈரத்தோடு மடித்தால் அடுத்த நாளே விரித்துக் காயவிடுங்கள்.

*சில்லுக் குடம் சுடுகிறது.* கொஞ்சத் தூரம் ஓடியதும் இரண்டு குடங்களையும் கையால் தொட்டுப் பாருங்கள். ஒன்று மட்டும் சுட்டால் பெயரிங்கில் கிறீஸ் இல்லை அல்லது நட் அதிகம் இறுகியுள்ளது. ஜாக்கியில் தூக்கி, சில்லைச் சுற்றியபடி நட்டை இறுக்கி, பின் ஸ்பிளிட் பின் துவாரம் வரும் வரை சற்று இளக்குங்கள். சில்லை மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் கடகடக்கக் கூடாது.

எங்கள் மண்ணுக்கான எச்சரிக்கைகள்

கூடாரத்துக்கு முளை அடிப்பது எந்த நாட்டிலும் சாதாரண வேலை. இங்கே அப்படியில்லை. மிதிவெடி அகற்றப்பட்டதென உறுதியாகத் தெரியாத காணியில் முளை அடிக்கவோ குப்பை எரிக்கவோ வேண்டாம். கயிற்றைப் பெட்டியின் சட்டத்திலேயே கட்டுங்கள். பழைய இரும்பில் குழாய் தேடும்போது இன்னதென்று தெரியாத எந்த உலோகத்தையும் வெட்டவோ ஒட்டவோ கூடாது. காணிக்குள் கண்டால் தொடாமல் பொலிஸாருக்கோ கிராம சேவையாளருக்கோ அறிவியுங்கள்.

கூரைக்குள் அடுப்பு வேண்டாம். மழை இரவில் மறைப்பை இறுக்கிக் கட்டி, கரி அடுப்பை உள்ளே வைத்தால் மணமில்லாத நச்சு வாயு நித்திரையிலேயே கொல்லும். வெளிச்சத்துக்கு 12 வோல்ற் பற்றரியும் எல்.ஈ.டி. விளக்கும் போதும். பற்றரியின் நேர் முனைக்கு அருகிலேயே ஒரு பியூஸ் போடுங்கள்.

இது வீட்டுக்கு மாற்று இல்லை. காணியை விடுவித்ததோடு கடமை முடிந்ததென நினைப்பவர்களுக்கு இந்தக் கட்டுரை ஒரு சாட்டாகவும் ஆகக் கூடாது. அதனால்தான் மூலைக் கால்களைப் பெட்டியோடு ஒட்டாமல் ஒவ்வொன்றுக்கும் நான்கு 12 மில்லிமீற்றர் போல்ட் போட்டுப் பூட்டினோம். வீட்டுக்குக் கூரை ஏறிய நாளில் அவற்றைக் கழற்றிவிட்டால், பெட்டி மறுபடி நெல் மூட்டை ஏற்றப் போகலாம்.