சட்டம் மறந்த புகையிரதம்

வேல்ஸ் நாட்டின் மேற்குக் கடற்கரையிலே தவின் என்னும் சிறு பட்டினம் ஒன்று உண்டு. அங்கிருந்து மலைப் பள்ளத்தாக்கினூடே ஏறக்குறைய ஏழு மைல் தூரம் உட்செல்லும் ஒடுங்கிய இருப்புப்பாதை, உலகெங்குமுள்ள புகையிரதப் பிரியர்களுக்கு ஒரு யாத்திரைத் தலம் போன்றது. தலிலின் புகையிரதப் பாதை என்பது அதன் பெயர். இலங்கையின் பெரும் பாதைகள் ஐந்தரை அடி அகலமுடையவை. களனிவெளிப் பாதை 1990களில் அகலமாக்கப்படுமுன் இரண்டரை அடி அகலத்தையே கொண்டிருந்தது. தலிலின் பாதையோ அதனினும் மூன்று அங்குலம் ஒடுங்கியது. பெருநகரங்களை இணைத்த பாதைகள் பல இருக்க, இச்சிறு பாதைக்கு இத்தகைய புகழ் எவ்வாறு வாய்த்தது என்பது சுவையான வரலாறாகும்.

இதன் தோற்றத்துக்கு அமெரிக்காவிலே நிகழ்ந்த போர் ஒரு காரணமாயிற்று. 1861ஆம் ஆண்டில் அங்கு உள்நாட்டுப் போர் மூண்டதும், இங்கிலாந்தின் ஆலைகளுக்குப் பருத்தி வருவது தடைப்பட்டது. மான்செஸ்ரர் நகரத்துப் பருத்தி ஆலை முதலாளிகளான மக்கொனல் குடும்பத்தினர் தம் பணத்தை வேறு தொழிலில் இட எண்ணி, பிரின் எக்ளூவிஸ் என்னுமிடத்திலிருந்த கற்பலகைச் சுரங்கத்தைக் கையேற்றனர். வீட்டுக் கூரைகளுக்கு ஓடு போல வேயப்படும் கரும்பலகைக் கல் அங்கே வெட்டப்பட்டது. அதுவரை பொதிக் குதிரைகள் சுமந்த அக்கல்லைக் கடற்கரைக்குக் கொணரவே பாதை அமைக்கப்பட்டது. 1865இல் பாராளுமன்றம் அதற்கு அனுமதிச் சட்டம் இயற்றியது.

பிரயாணிகளை ஏற்றுமுன் அரசாங்கப் பரிசோதகர் பார்வையிட வேண்டுமென்பது அந்நாட்டு விதி. 1866இல் வந்த கப்டன் ரைலர் என்பார் பாலங்களைக் கண்டு திகைத்தார். மேம்பாலங்களின் கீழே பெட்டிக்கும் சுவருக்குமிடையில் போதிய இடைவெளி இல்லை. ஓடும் வண்டியின் கதவை எவரேனும் திறந்தால், அன்றித் தலையை வெளியே நீட்டினால், உயிராபத்து நேரும். பாலங்களை இடித்துக் கட்டுவதோ பெருஞ்செலவு. ஆகவே தண்டவாளத்தைப் பாலங்களின் கீழ் ஒரு பக்கமாக ஒதுக்கி இட்டு, மறுபக்கத்தில் மட்டும் வேண்டிய இடைவெளியை உண்டாக்கினர். ஒதுங்கிய பக்கத்துக் கதவுகள் நிரந்தரமாக அடைக்கப்பட்டன; யன்னல்களுக்குக் குறுக்குச் சட்டங்கள் பூட்டப்பட்டன. இருந்த எஞ்சின்கள் இரண்டே. அவற்றுள் ஒன்று ஓடும்போது மேலும் கீழும் குதித்தது. மற்றது பக்கவாட்டில் ஆடியது. பரிசோதகர் இரண்டையும் குறை கூறினார். குதித்த எஞ்சினுக்குப் பின்புறம் இரு சக்கரங்கள் கூட்டிய பின்னரே அதன் துள்ளல் அடங்கிற்று.

அந்த இரு எஞ்சின்களும் அதே பெட்டிகளும் ஏறத்தாழ எண்பது ஆண்டுகள் மாற்றமின்றி ஓடின. இது பழைமைப் பற்றினால் அன்று. மாற்றுவதற்குப் பணம் இல்லாமையாலேயே ஆகும். வறுமைதான் இப்பாதையை முதலிற் காத்தது எனலாம்.

1911இல் சுரங்கத்தையும் பாதையையும் வாங்கியவர், பின்னர் சேர் பட்டம் பெற்ற ஹென்றி ஹேடன் ஜோன்ஸ். தொகுதியின் பாராளுமன்ற உறுப்பினரான அவர், தம் ஊரவர் வேலையிழக்கலாகாது என்று நட்டத்திலும் தொழிலை நடத்தினார். 1946 திசம்பரில் சுரங்கத்தின் ஒரு பகுதி இடிந்து வீழ்ந்தது. கல் வெட்டுவது அத்துடன் நின்றது. தாம் உயிரோடிருக்கும் வரை வண்டி ஓடும் என்று அம்முதியவர் கூறி, கோடைகாலத்தில் வாரத்துக்குச் சில நாட்கள் பிரயாணிகளை ஏற்றச் செய்தார்.

இந்நிலையில், பிரித்தானியாவின் புகையிரதப் பாதைகள் 1947ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 1948 முதல் நாட்டுடைமையாக்கப்பட்டன. அரசு கையேற்ற பாதைகளின் நீண்ட பட்டியலிலே தலிலின் பாதையின் பெயர் இல்லை. அது நற்பேறாக முடிந்தது. அயலிலே அதே அகலமுடைய கொறிஸ் என்னும் பாதை இருந்தது. அரசின் கைக்கு வந்த அதே ஆண்டிலே அது மூடப்பட்டது.

1950 யூலையில் சேர் ஹேடன் காலமானார். பாதையும் அவருடனேயே முடிந்துவிடும் என்றே பலர் எண்ணினர். ஆனால் எல். ரி. சி. றோல்ற் என்னும் எழுத்தாளர் அவ்வாறு எண்ணவில்லை. பொறியியல் பயின்றவரும் பழைய கால்வாய்களைக் காக்கும் இயக்கத்தைத் தோற்றுவித்தோருள் ஒருவருமான அவர், முந்திய ஆண்டிலேயே பேர்மிங்காம் நகரப் பத்திரிகையொன்றில் இதுபற்றி எழுதியிருந்தார். 1950 ஒக்தோபர் 11ஆந் திகதி அந்நகரத்து விடுதியொன்றில் ஒரு கூட்டம் கூடியது. ஊதியம் பெறாத அன்பர்களே பாதையைப் பேணி வண்டியை ஓட்டுவதென அங்கே தீர்மானமாயிற்று. உலகில் எங்கும் அதற்கு முன் எவரும் செய்யாத காரியம் அது. சேர் ஹேடனின் மனைவியார் மனமுவந்து பாதையை ஒப்படைத்தார்.

ஒப்படைத்தது எதனை? தண்டவாளங்களிற் பெரும்பாலானவை ஆரம்பத்தில் இட்ட இரும்பே. சிலிப்பர் கட்டைகள் உளுத்துப் போயிருந்தன. தண்டவாளங்களை விலகாமற் பிடித்திருப்பது அடர்ந்து வளர்ந்த புல்லே என்று அன்பர்கள் வேடிக்கையாகக் கூறுவதுண்டு. அது முழுவதும் வேடிக்கையன்று. முதலாம் எஞ்சின் 1945 முதல் ஓடாமற் கிடந்தது. மூடப்பட்ட கொறிஸ் பாதையின் எஞ்சின்கள் இரண்டு, ஒவ்வொன்றும் 25 பவுணுக்கு வாங்கப்பட்டன. அவற்றுள் ஒன்றின் சக்கரங்கள், விரிந்துபோன தண்டவாளங்களுக்கிடையே தடம் புரண்டு விழுந்தன. மற்றதும் பழுதுபார்க்கப்பட வேண்டியிருந்தது. ஆகவே 1951 மே 14ஆந் திகதி தொடங்கிய முதற் பருவத்தின் சுமை முழுவதும், 85 ஆண்டு முதுமையுடைய டொல்கொக் என்னும் இரண்டாம் எஞ்சின் மீதே விழுந்தது. அது ஒரு நாள் நின்றிருந்தால் முயற்சி முழுவதும் நின்றிருக்கும். கணக்கரும் ஆசிரியரும் மாணவரும் விடுமுறையில் வந்து புல் வெட்டினர்; கட்டை மாற்றினர்; கரி அள்ளினர்.

இவர்களுள் ஒருவர் சிறுவர் கதைகள் எழுதிய பாதிரியார் ஓட்றி. ஒருமுறை அவர் காட் உத்தியோகம் பார்த்தபோது, சிற்றுண்டி விற்கும் அம்மையாரை நிலையத்திலேயே விட்டுவிட்டுக் கொடி காட்டிவிட்டார்! அந்தப் பிழையும் பின்னர் அவருடைய கதையொன்றில் இடம்பெற்றது. 1953இல் ஈலிங் நிறுவனத்தார் எடுத்த நகைச்சுவைத் திரைப்படம் ஒன்றுக்கும் இப்பாதையின் கதையே தூண்டுகோலாயிற்று.

பழைய தண்டவாளம் போயிற்று, கட்டைகள் போயின, புல்லும் போயிற்று. இத்தனையும் மாறியபின் இது பழைய பாதைதானா என்று வருந்திய அன்பர்களும் உளர். ஆயினும் மாற்றாதிருந்தால் அருங்காட்சிப் பொருளாக மட்டுமே எஞ்சியிருக்கும். ஓடும் வண்டியை விரும்பினோர் இவ்விலையைக் கொடுத்தே ஆகவேண்டியிருந்தது.

இதன் வழியைப் பின்பற்றி பெஸ்ரினியொக், புளூபெல் முதலிய பாதைகளும் அன்பர் கைகளில் உயிர்பெற்றன. 1976இல் தலிலின் பிரயாணிகள் சேவை, முன்பு கல் வண்டிகள் மட்டும் சென்ற நான்ற் குவேர்னொல் வரை நீட்டப்பட்டது. 2021இல் வடமேற்கு வேல்சின் கற்பலகை நிலப்பரப்பை யுனெஸ்கோ உலக மரபுரிமையாக ஏற்றபோது இப்பாதையும் அதில் அடங்கியது. மேம்பாலங்களின் கீழ்த் தண்டவாளம் இன்றும் ஒரு பக்கமாக ஒதுங்கியே செல்கின்றது. பிரயாணிகளும் கப்டன் ரைலர் காலத்திற்போல ஒரு பக்கக் கதவினாலேயே ஏறி இறங்குகின்றனர்.