இலகு அடைவு அணுகு நெறிமுறை

இலகு அடைவு அணுகு நெறிமுறை அல்லது எல்டாப் என்பது, கணினி வலையமைப்பிலுள்ள அடைவுச் சேவைகளில் தகவல்களைத் தேடவும் மாற்றவும் பயன்படும் சீர்தர நெறிமுறை ஆகும். பயனர் பெயர், மின்னஞ்சல் முகவரி, தொலைபேசி எண் முதலியன இத்தகைய அடைவுகளில் சேமிக்கப்படுகின்றன.

வரலாறு

1988 இல் எக்ஸ்.500 என்னும் பன்னாட்டு அடைவுச் சீர்தரம் உருவானது. அதன் அணுகு நெறிமுறைக்கு ஓஎஸ்ஐ அடுக்குகள் முழுவதும் தேவைப்பட்டன. அக்காலத்து மேசைக் கணினிகளுக்கு அது பெருஞ்சுமையாக இருந்தது. எனவே, இணையத்தின் டிசிபி/ஐபி மீது நேரடியாக இயங்கும் எளிய நெறிமுறை ஒன்றை வெங்யிக் யியோங், டிம் ஹோவ்ஸ், ஸ்டீவ் கில் ஆகியோர் வரையறுத்தனர். இது 1993 இல் ஆர்எஃப்சி 1487 ஆக வெளியானது. தொடக்கத்தில் எக்ஸ்.500 வழங்கிகளுக்கு வாயிலாக மட்டும் இருந்த எல்டாப், பின்னர் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் உருவான தனி வழங்கியால் தன்னிச்சையாக இயங்கத் தொடங்கியது.

அமைப்பு

பதிவுகள் மர வடிவில் அடுக்கப்படுகின்றன. ஒவ்வொரு பதிவுக்கும் மரத்தில் அதன் இடத்தைக் குறிக்கும் தனித்த பெயர் உண்டு. வழங்கிகள் வழக்கமாக 389 ஆம் துறையில் இயங்குகின்றன.

பாதுகாப்பு

1997 திசம்பரில் வெளியான மூன்றாம் பதிப்பு, யூடிஎஃப்-8 குறிமுறையை ஏற்றதால் தமிழ் உள்ளிட்ட எழுத்துகளிலும் பெயர்களைப் பதிய வழி பிறந்தது. ஆயினும், கட்டாயமான அடையாள உறுதிப்பாட்டு முறை எதையும் அது வரையறுக்கவில்லை. திருத்தும் வசதியைப் பயன்படுத்தும் மென்பொருள்கள் தம்முள் இணைந்து இயங்காமல் போகலாம், அல்லது உறுதிப்பாட்டை ஏற்க முடியாத அளவுக்குத் தளர்த்தினால் மட்டுமே இணைந்து இயங்கலாம் என்பதால், அவ்வசதியைப் பயன்பாட்டுக்குக் கொண்டுவர வேண்டாம் என அந்த ஆவணத்திலேயே எச்சரிக்கை சேர்க்கப்பட்டது. 2000 இல் ஆர்எஃப்சி 2829 இக்குறையை நிவர்த்தி செய்தது. 2006 இல் ஆர்எஃப்சி 4510 முதலான ஆவணங்கள் நெறிமுறையைத் திருத்தி ஒழுங்குபடுத்தின.