37ஆவது விநாடி

நான் படித்தது பிரெஞ்சு மீடியம். தசமத்துக்கு நாங்கள் புள்ளி வைக்க மாட்டோம், கமா போடுவோம். அதற்கு 'விர்குல்' என்று பெயர். இரண்டரை என்றால் 2,5. பிறகு கிளார்க் வேலைக்கு வந்தபோது அலுவலகத்தில் எல்லாம் ஆங்கிலக் கணக்கு. பிரெஞ்சுக்காரர் காலத்துச் சரக்குப் பதிவேடுகளைச் சுருக்கி ஆங்கிலத்தில் எழுதும் வேலையை என்னிடம் கொடுத்தார்கள். ஒரு நாள் அவசரத்தில் 2,500 டன் அரிசி என்று இருந்ததை இரண்டாயிரத்து ஐந்நூறு டன் என்று எழுதிவிட்டேன். ஒரு லாரி அரிசி ஒரு கப்பல் அரிசியாகிவிட்டது! தலைமை எழுத்தர் முதலில் சிரித்தார், அப்புறம் திட்டினார்.

அந்தத் திட்டு 1996இல் ஞாபகம் வந்தது. அந்த ஆண்டு ஜூன் 4ஆம் தேதி, தென் அமெரிக்காவில் உள்ள பிரெஞ்சு கயானாவின் கூரு ஏவுதளத்திலிருந்து ஆரியான் 5 ராக்கெட் முதல் தடவையாகக் கிளம்பியது. (நம்முடைய ஆப்பிள் செயற்கைக்கோள் 1981இல் இதே கூருவிலிருந்துதான், ஆரியானின் முதல் வகை ராக்கெட்டில் போனது.) எஞ்சின் பற்றவைத்து 40 விநாடிகூட ஆகவில்லை, ராக்கெட் திசைமாறி உடைந்து வெடித்தது. அதனுடன் நான்கு கிளஸ்டர் செயற்கைக்கோள்களும் போயின.

விசாரணைக் குழுவுக்குத் தலைவர் கணித மேதை ழாக்-லூயி லியோன்ஸ். ஜூலை 19ஆம் தேதியே அறிக்கை வந்துவிட்டது. நம்மூர் விசாரணைக் கமிஷன்களைப் பார்த்தவர்களுக்கு இது ஆச்சரியம்தான்.

நடந்தது இதுதான். ராக்கெட் எந்தப் பக்கம் சாய்கிறது, எவ்வளவு நகர்கிறது என்று சொல்லும் கருவியின் நிரல் ஏடா என்ற கணினி மொழியில் எழுதப்பட்டது. அந்த மொழியை வடிவமைத்த குழுவின் தலைவரும் ஒரு பிரெஞ்சுக்காரர், ழான் இக்பியா. அந்த நிரல், பக்கவாட்டு வேகத்தோடு சம்பந்தப்பட்ட ஓர் எண்ணை 64 பிட் தசம எண்ணிலிருந்து 16 பிட் முழு எண்ணாக மாற்றியது. 16 பிட் கட்டத்தில் 32,767க்கு மேல் எழுத இடமில்லை. ஆரியான் 4இல் அந்த எண் அவ்வளவு பெரிதாக வந்ததே இல்லை. புதிய ராக்கெட்டின் பக்கவாட்டு வேகம் மிக அதிகம், எண் கட்டத்தை மீறியது. 37ஆவது விநாடியில் கருவி நின்றுபோனது. மாற்றுக் கருவி? அதிலும் அதே நிரல். அது ஒரு கணம் முன்னாலேயே நின்றுவிட்டிருந்தது.

அதோடு முடியவில்லை. நின்ற கருவி 'எனக்குக் கோளாறு' என்று ஒரு குறிப்பை எண்களாக அனுப்பியது. தலைமைக் கணினி அதைப் பறக்கும் கணக்கு என்று படித்துக்கொண்டு, எஞ்சின் முனைகளைக் கடைசி வரை திருப்பிவிட்டது.

என்னை உறுத்துவது வேறு. மாற்றும்போது மீறக்கூடிய ஏழு எண்களை அவர்கள் கண்டுபிடித்திருந்தார்கள். நான்குக்குப் பாதுகாப்பு வைத்தார்கள். கணினிக்குச் சுமை கூடாது என்று மூன்றை விட்டுவிட்டார்கள். இத்தனைக்கும் அந்தக் கணக்கு ஆரியான் 5 கிளம்பிய பிறகு தேவையே இல்லாதது. பழைய ராக்கெட்டுக்கு வேண்டியிருந்தது என்று அப்படியே ஓடவிட்டிருந்தார்கள்.

கிளஸ்டர்களை மறுபடி கட்டி 2000ஆம் ஆண்டு அனுப்பினார்கள். அந்தத் தடவை ரஷ்யாவின் சோயுஸ் ராக்கெட்டில்.